குடகனாற்றுக் கிணறுகளும் அடிப்படை அறிவியலும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிறுவியது. வேலூரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது திண்டுக்கல்லின் வழக்கும்தான். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்டுப்போயிருந்தன. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அந்த ஊர்களின் துயரம் நீதிமன்றத்தை எட்டியிருக்காது. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் அந்தக் கிணற்றுக்காரர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. கழிவு நின்றால் எத்தனை ஆண்டில் தண்ணீர் தேறும்? இன்னும் கெடாத கிணறுகளில் அடுத்து எது கெடும்? மண்ணில் தங்கிய குரோமியம் அங்கேயே கிடக்குமா, உருமாறி நகருமா? இவை அடிப்படை அறிவியலின் கேள்விகள். துன்பம் வந்த பிறகு டெண்டர் விட்டு வாங்கக்கூடிய விடைகள் இவற்றுக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, பயன் இன்னதென்று தெரியாத காலத்திலேயே, யாராவது அந்த அறிவைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சேமிப்பை அரசைத் தவிர வேறு எவரும் போதிய அளவில் செய்யமாட்டார்கள் என்பதும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குத் திண்டுக்கல்லின் தோல் தொழிலே நல்ல சான்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திண்டுக்கல்லின் தோல் தொழில் பழையது. பேகம்பூரைச் சுற்றியிருந்த தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் ஊறி முடி நீங்கிய தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டுச் சென்னை வழியே வெளிநாடு போயிற்று. அந்தக் குழிகளில் இறங்கி நின்ற மனிதர்களின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கண்ட போராட்டத்தையும் டி. செல்வராஜ் தம் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. 1970களில் மத்திய அரசு தன் ஏற்றுமதிக் கொள்கையை மாற்றியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும், முழுதாக முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கமும் வந்தன. நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தந்த கொள்கை அது. அதன் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. அதன் உடன்விளைவாகத் தமிழகத்துத் தோல் வட்டாரங்களில் குரோமிய உப்பு கொண்டு பதனிடுவது வேகமாகப் பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஒரு தொழிலின் வேதியியலையே மாற்றிய அந்த முடிவோடு, புதிய கழிவு இந்த மண்ணிலும் பாறையிலும் என்ன ஆகும் என்று அறியும் ஆய்வுக்கும் சேர்த்து நிதி ஒதுக்கியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நீதிமன்றம் அந்த இடைவெளியை எதிர்கொண்டது.

இதே தொழிலின் கதையில் அரசு சரியாகச் செய்த ஒரு பகுதியும் உண்டு. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பது 1950களின் தொடக்கத்தில் உலகின் பெரிய ஆய்வகங்களுக்கே பிடிபடாத புதிராக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க சி. வி. ராமனை அழைத்தார், ராமன் தம் மாணவர் ஜி. என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952இல் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்று அவரிடம் சொன்னார். 1948இல் மத்திய அரசு நிறுவியிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து பெற்ற தூய கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்ற முடிவை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அந்த இழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும் வடிவத்தை முன்வைத்தார்கள்.

அடுத்து நடந்தது கொள்கை வகுப்போர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அந்த மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவு நெருங்கியிருப்பதாக ஆட்சேபித்து, திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் அந்த ஆட்சேபத்தை அடிப்படைக் கேள்வியாக மாற்றிக்கொண்டார். புரதத்தில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது? சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் கண்ட விடைதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், அது சரியா என்று சோதிக்க அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மருந்து வடிவமைப்பு வரை அதன் பயன் விரிகிறது. 1952இல் அவரிடம், இந்த ஆய்வால் தோல் ஷாப்புகளுக்கு மூன்று ஆண்டில் என்ன பயன் என்று கேட்டு அதற்கேற்ப நிதி கொடுத்திருந்தால் இந்த வரிசையில் எதுவும் நடந்திருக்காது.

அந்தப் பயனும் வேறு வழியில் வந்து சேர்ந்தது. குரோமியம் தோலைப் பதப்படுத்துவது, கொலாஜன் சங்கிலிகளின் பக்கக் கிளைகளிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைந்து சங்கிலிகளை இணைப்பதால்தான். வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் 60, 70 சதவீதத்தையே தோல் ஏற்றுக்கொள்கிறது; மிச்சம் கழிவு நீரில் போகிறது. எங்கே, எந்த நிலையில், எவ்வளவு பிணையும் என்று தெரிந்தால்தான் அந்த மிச்சத்தைக் குறைக்க முடியும். குரோமியத்தின் வேதியியலை ஆழ்ந்து கற்று 1980களில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த டி. ராமசாமி, அடிப்படை வேதியியலுக்காக 1993இல் பட்நாகர் விருது பெற்றவர். தமிழகத்துத் தோல் ஷாப்புகள் மூடப்படும் நிலை வந்த 1990களின் நடுவில், குரோமியத்தை மீட்டெடுப்பது, தோல் ஏற்கும் அளவைக் கூட்டுவது போன்ற முறைகளோடு அந்நிறுவனம் முன்வந்து நிற்க முடிந்ததற்கு, யாரும் கேட்காத காலத்தில் அங்கே திரண்டிருந்த அறிவே காரணம். பின்னர் ராமசாமியே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் செயலராகி, இளம் மாணவர்களை அடிப்படை அறிவியலுக்கு ஈர்க்கும் இன்ஸ்பயர் திட்டத்தை நடத்தினார்.

இந்தக் கதையைப் பெருமைக்காக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ராமச்சந்திரனின் ஆய்வகத்தை இரண்டு பத்தாண்டு காத்தது எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்த ஒரு மனிதரின் தெளிவு. முதலியார் பதவி நீங்கிய சிறிது காலத்தில் ராமச்சந்திரனும் சென்னையை விட்டு, 1970களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புதிய துறையைக் கட்டினார். தனிமனிதரை நம்பிய ஆதரவு அவரோடு முடிந்துவிடுகிறது. எந்த விதமான ஆதரவு நிலைக்கும், பலன் தரும் என்பதற்குப் பின்னாளில் சான்று கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் பியர் அசூலேயும் உடன் ஆய்ந்தவர்களும் 2011இல் இரண்டு நிதி முறைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று குறுகிய கால எல்லையும் முன்கூட்டியே வரையறுத்த இலக்கும் கொண்ட அரசு மானியம். மற்றொன்று ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனம் ஆளை நம்பி, தொடக்கத் தோல்வியைப் பொறுத்து, நீண்ட காலம் தருவது. ஒத்த தகுதியுள்ளவர்களில் இரண்டாம் முறையில் நிதி பெற்றோரிடமிருந்தே பெருந்தாக்கம் கொண்ட கட்டுரைகள் கணிசமாக அதிகம் வந்தன, தோல்விகளும் அதிகம். கனடாவின் இயற்கை அறிவியல் மானியங்களை 2013இல் ஆராய்ந்த ஃபோர்டினும் கர்ரியும், பெருந்தொகையைச் சிலரிடம் குவிப்பதைவிடப் பலருக்குப் பகிர்வதே செலவிட்ட பணத்துக்கு அதிக விளைவு தருகிறது என்று கண்டார்கள். நீண்ட காலம், பலருக்கு, இலக்கை முன்கூட்டிக் கட்டாமல்: சென்னையில் தற்செயலாக அமைந்ததை விதியாக மாற்றலாம் என்பதற்கு இவை ஆதாரம்.

இனி நிலத்தடிக்கு வரலாம். திண்டுக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது மிகப் பழமையான கடினப் பாறை. ஆற்றுப் படுகை மணலைப் போல அது தண்ணீரைச் சீராக ஊறவிடாது. மேலே சிதைந்த பாறையடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும், ஓடும். ஒரே ஊரில் ஒரு கிணறு நல்ல நீரும் கூப்பிடு தூரத்தில் இன்னொன்று உவரும் தருவது இதனால்தான். ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மண்டல், சக்சேனா, சிங் ஆகியோர் திண்டுக்கல்லின் மேல் குடகனாற்றுப் படுகையை ஆராய்ந்து 2005 முதல் வெளியிட்ட கட்டுரைகள், ஏறத்தாழ 80 தோல் ஷாப்புகள் இயங்கிய இப்பகுதியின் நிலத்தடியில் உப்பு எப்படிப் பரவுகிறது என்பதைக் கணித மாதிரியாக வரைந்தன. அவற்றின் கணிப்பு திடுக்கிட வைப்பது. மாசு சேரும் அளவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டு கழிந்த பின்னும் நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்பின் செறிவு பாதிக்குக் கீழே இறங்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் சில ஆண்டில் கிணறு தேறிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கணக்கில் நிற்கவில்லை. இந்த ஆய்வு 1996க்கு முன்பே கையில் இருந்திருந்தால் இழப்பீடு, மாற்றுக் குடிநீர், எந்தக் கழனிக்கு எந்தப் பயிர் என்ற முடிவுகள் எல்லாம் வேறு கால அளவில் எடுக்கப்பட்டிருக்கும்.

குரோமியத்தின் கதி இன்னும் நுட்பமானது. பதனிடுவதில் பயன்படும் மும்மை நிலைக் குரோமியம் மண்ணில் பெரிதும் படிந்து நின்றுவிடும். அறுமை நிலைக் குரோமியம் நீரில் நகரும், நச்சுத்தன்மையும் மிகுந்தது. முதலாவது இரண்டாவதாக மாறுமா என்பது குடகனாற்றுக் கரையில் உயிர்க்கேள்வி. அதற்கு விடை தந்தவர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து மண்ணியலாளர்கள் பார்ட்லெட்டும் ஜேம்சும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அந்த மாற்றத்தைச் செய்யும் என்று 1979இல் அவர்கள் காட்டினார்கள். வயலிலிருந்து அப்போதே எடுத்த ஈர மண்ணில்தான் அது துலங்கியது. உலர்த்திச் சேமித்த மண்ணில் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டிருந்தது. வெர்மான்ட்டில் எந்த ஆலைக்காரரும் அந்த ஆய்வைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வெர்மான்ட் கண்டுபிடித்ததை நாம் இலவசமாகப் படித்துக்கொள்ளலாமே, நாமும் ஏன் செலவழிக்க வேண்டும்? வேதியியல் எங்கும் ஒன்றுதான். மண்ணும் பாறையும் ஒன்றல்ல. இப்பகுதி மண்ணில் மாங்கனீசு எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது, ஐப்பசி மழையில் நனைந்து பங்குனி வெயிலில் வெடிக்கும்போது அது என்ன செய்கிறது என்பதை வேறு நாட்டார் வந்து அளந்து தரமாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஒரு துறையில் தாமே ஆய்வு செய்பவர்களால்தான் பிறர் ஆய்வில் எது நம்பத்தக்கது, எது தம் நிலத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். கோஹன், லெவிந்தால் என்ற இரு பொருளியலாளர்கள் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் தொழில் நிறுவனங்களிடம் கண்டு எழுதினார்கள்: சொந்த ஆய்வுக்குச் செலவிடும் நிறுவனமே வெளி அறிவை உள்வாங்குகிறது. மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் இது பொருந்தும். ஐதராபாத் குழு திரும்பிச் சென்றபின் அவர்களுடைய மாதிரியை ஆண்டுதோறும் புதிய அளவீடுகளால் திருத்தி வைத்திருக்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

தொழிலே இதற்குச் செலவழிக்கட்டும் என்பது இரண்டாவது ஆட்சேபம். மாசுபடுத்தியவர் ஈடுகட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஈடு கட்டுவது வேறு, அறிவைத் திரட்டுவது வேறு. ரிச்சர்ட் நெல்சன் 1959இலும் கென்னத் ஆரோ 1962இலும் விளக்கியபடி, அடிப்படை அறிவின் பலன் அதற்குச் செலவிட்டவரிடம் மட்டும் தங்குவதில்லை. எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே எந்தத் தனி நிறுவனமும் சமூகத்துக்குத் தேவையான அளவு அதில் முதலிடாது. சிறிய தோல் ஷாப்பு முதலாளியிடம் பாறை வெடிப்பின் இயற்பியலுக்கு நிதி எதிர்பார்க்க முடியாது. இந்தப் பின்னணியில் இன்றைய மத்திய அரசின் திசை கவலை தருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்தது நல்ல செய்தி; பெரிய நிறுவனங்களோடு மாநிலப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் அதன் திட்டமும் வரவேற்கத்தக்கது. ஆனால் ஐந்தாண்டுக்கு அறிவித்த 50,000 கோடி ரூபாயில் 36,000 கோடி அரசு அல்லாத மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 1 இலட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சித் திட்டம் தனியார் துறைக்கானது. சந்தையை நெருங்கிய தொழில்நுட்பங்களுக்குக் கடனாகவும் முதலாகவும் செல்வது. அதுவும் வேண்டியதே. ஆனால் அத்தகைய பணம் பார்ட்லெட்டின் ஈர மண்ணைத் தேடி ஒருநாளும் வராது.

ஏழை நாடு, இன்னும் சாலையும் குடிநீரும் இல்லாத ஊர்கள் இருக்கும்போது இதற்கு எங்கே பணம் என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிடக் கூடாது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். அளவைப் பார்ப்போம். 2020-21இல் இந்தியா எல்லா வகை ஆராய்ச்சிக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கு மேல், தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல். நம் 0.64இல் மாநில அரசுகளின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம்தான். நிலத்தடி நீரும் வேளாண்மையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பொறுப்புகளாக இருந்தும் இந்த நிலை. குடிநீர்ச் செலவா ஆய்வுச் செலவா என்று இவற்றை எதிரெதிரே நிறுத்துவதும் சரியில்லை. திண்டுக்கல் பகுதியில் ஒரு கிணறு கெட்டபின் குழாய் போட்டு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் செலவு, அந்தக் கிணறு கெடும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய அளவீட்டின் செலவைவிடப் பல மடங்கு.

கொடுத்த பணம் வீணாகிறது என்ற ஆட்சேபத்தில்தான் உண்மை அதிகம். பதவி உயர்வுக்கும் தரவரிசைக்கும் கட்டுரை எண்ணிக்கையே அளவுகோலான பிறகு, காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் நீக்கியதற்கு இந்தச் சீரழிவும் பின்னணி. ஆனால் இந்த நோய் சுதந்திரமான நிதியால் வந்ததன்று. உடனடிப் பலனை எண்ணிக்கையாகக் காட்டச் சொன்ன நிர்வாகத்தால் வந்தது. பத்தாண்டு ஒரு கேள்வியோடு இருக்க அனுமதிக்கப்பட்டவர் மாதம் ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை.

பணத்தைப் போலவே விதிகளும் ஆய்வை வளர்க்கும் அல்லது நெரிக்கும். ஆய்வகக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் போயிற்று. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களின் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்கு ஏற்றப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் உண்மையான ஆய்வகப் பயன்பாட்டுக்கு அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆராய்ச்சி மானியங்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு வந்தது. திருத்தங்கள் வந்தன என்பது நல்லது. ஆனால் ஆய்வகத்தை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காமல் வரி விதிக்க முடிந்தது என்பதே, அடிப்படை ஆய்வு அரசின் அன்றாடக் கணக்கில் இடம்பெறவில்லை என்பதைக் காட்டுகிறது. பெரிய தேசிய நிறுவனங்கள் இத்தகைய அடியைத் தாங்கிக்கொள்ளும். மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது ஓராண்டு வேலையையே நிறுத்திவிடும்.

திண்டுக்கல்லில் என்ன செய்யலாம் என்பதற்கு இவ்வளவு தூரம் வந்தபின் விடை தெளிவாகிறது. சின்னாளபட்டிக்கு அருகே, மாசுபட்ட சமவெளியின் பக்கத்திலேயே, காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கிராமத்தோடு சேர்ந்து கற்பதை நோக்கமாகக் கொண்டது. நகரில் அரசு மகளிர் கல்லூரியும் பிற கல்லூரிகளும் உள்ளன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டில் சில முறை நீர்மட்டம் பார்க்கிறது. வேதியியல் அதைவிட அரிதாகவே அளக்கப்படுகிறது. மழைக்கு முன்னும் பின்னும் இடையிலும், ஒரே கிணறுகளில், ஒரே முறையில், குரோமியத்தின் இரு நிலைகளையும் சேர்த்து 25 ஆண்டு இடையறாமல் அளக்கும் பணியைக் காந்திகிராமத்திடம் ஒப்படைத்து, ஐதராபாத் நிறுவனத்தையும் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் அதற்குத் துணையாக்கலாம். மாநில அரசு பாதி ஏற்கட்டும். அதோடு கல்லூரி ஆசிரியர்களுக்குச் சிறிய, இலக்கு கட்டாத, ஐந்தாண்டு மானியம். ஆளுக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் என்று வைத்தால் 50 பேருக்கு 1 கோடி ரூபாய். அவர்களில் ஒருவர் பாறை வெடிப்பைப் பார்ப்பார், ஒருவர் உவர் மண்ணில் பிழைக்கும் நுண்ணுயிரைப் பார்ப்பார், ஒருவர் தோலுக்கும் நீருக்கும் தொடர்பே இல்லாத கணிதத்தில் இருப்பார். அந்தக் கணிதக்காரரையும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும்.

அவ்வளவு காலம் ஓர் அளவீட்டை எந்த அரசு தொடரும் என்று சந்தேகப்படுவோர் இதே மாவட்டத்தின் மேற்கு மலையைப் பார்க்கலாம். 1876-78 பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு தேடி 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம், 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. பஞ்சத்தை முன்னறியும் சூத்திரம் அங்கே கிடைக்கவில்லை. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். நூற்றாண்டுப் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு உலகெங்கும் சூரியச் சுழற்சியை ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன. ஆட்சிகள் மாறின, நாடு விடுதலை பெற்றது, மாவட்டத்தின் எல்லையே 1985இல் புதிதாகப் போடப்பட்டது. அந்தப் பதிவு தொடர்ந்தது. சூரியனுக்காக இதைச் செய்ய முடிந்த அரசால், ஆத்தூரிலிருந்து வேடசந்தூர் வரை குடகனாற்றங்கரைக் கிணறுகளுக்காகவும் செய்ய முடியும். அதற்கான முதல் ஆண்டுத் தொகையை வரும் மாநில நிதிநிலை அறிக்கையிலேயே சேர்க்கலாம்.